பூஜ்யத்தில் தொடங்கிய பக்கம்

அத்தியாயம் 6

என் அண்ணி யாரையும் முதல் பார்வையில் நம்ப மாட்டார். இரண்டாவது பார்வையிலும் மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில், அண்ணனின் சட்டைப் பையில் கிடந்த ஒரு பஸ் டிக்கெட்டை வைத்தே அவன் எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், யாரைப் பார்த்தான் என்று சொல்லிவிட்டார். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். அண்ணன் அன்றிலிருந்து எங்கே போனாலும் நடந்துதான் போகிறான்.

தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் எங்கள் துப்பறியும் நிலையம். அண்ணி மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சம்பளம் வாங்குகிறேன் என்பதால் நான் உதவியாளன். கொழுந்தன் என்பதால் வாய் கொஞ்சம் நீளம்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். குடையை மடிக்க மறந்து அப்படியே அறைக்குள் நுழைந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் ஓடை அளக்கறவர்."

"ஓடைக்கு எதுக்குங்க அளவு? சட்டை தைக்கவா? கீழ் கடையில தைப்பாங்க" என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பாமலே ஒரு முறை முறைத்தார். அது எப்படி முடிகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா."

"வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னாடி, அதே வாரத்துல அளப்பார். மொத்தம் ஏழு இடம். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு கரையிலயும் இரும்புக் கம்பி அடிச்சு வச்சிருக்கு. இந்தக் கம்பியிலேருந்து அந்தக் கம்பிக்கு டேப்பை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு தடவை ஆழம் பார்ப்பார். தண்ணியோட வேகம் பார்ப்பார். போன வருஷத்துக் கணக்கோட வச்சுப் பார்த்தா, ஓடை எங்க தோண்டுது, எந்தக் கரையைத் தின்னுதுன்னு தெரிஞ்சிடும்."

"இப்ப எந்தக் கரையைத் தின்னுது?"

அவள் குடையை இறுகப் பிடித்தாள்.

"அஞ்சாவது இடம். அந்தக் கரை மேல ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் இருக்கு. நாற்பது குழந்தைங்க. திங்கட்கிழமை கடைசியா அங்க அளந்துட்டு வந்தவர் சாப்பிடக்கூட இல்லை. 'கரைக்கு அடியில கம்பைக் கிடையா விட்டேன், கம்பு முழுசா உள்ள போயிடுச்சு. மேல பார்த்தா புல்லு, அடியில வெறும் பள்ளம். ஒரு பெரிய மழை தாங்காது. நாளைக்கே காப்பகத்தைப் பூட்டச் சொல்லணும்'னார். செவ்வாய்க்கிழமை காலையில அதே இடத்துல ஓடைக்குள்ள விழுந்து கிடந்தார். தலையில அடி. இன்னும் கண் முழிக்கலை."

"அவர் எழுதி வச்சதைக் காட்டிப் பூட்டச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அங்கதான் இடிக்குது. அவர் எழுதி வச்சதுல, கரை கல்லாட்டம் இருக்குன்னு இருக்கு."

செல்போனை நீட்டினாள். கணவரின் அலுவலகத்தில் அவள் வாயை அடைப்பதற்காக அந்தக் கோப்பையே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் ஏழு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இது அவர் எழுத்துதானா?" அண்ணி கேட்டார்.

"அவர் எழுத்தேதான். ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்பார். அதுகூட இருக்கு." அவள் போனை மேசையில் வைத்தாள். "நான் பொய் சொல்றேன்னு நினைக்கறாங்க. இல்லைன்னா அதிர்ச்சியில உளறறேன்னு. மேல மலையில காலையிலேருந்து மழை கொட்டுது. அந்தத் தண்ணி சாயங்காலம் நாலு மணிக்குள்ள இங்க வந்துடும். அதுக்குள்ள யாராவது என்னை நம்பணும் மேடம்."

"உங்க குழந்தை அங்க இருக்கா?"

"எங்களுக்குக் குழந்தை இல்லை."

அண்ணி அவளை மூன்றாவது முறையாகப் பார்த்தார். மூன்றாவது பார்வை கிடைப்பது அபூர்வம். அண்ணனுக்கே இன்னும் கிடைக்கவில்லை.

ஏழு பக்கத்தையும் அச்செடுத்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் மேலே தேதி, கீழே கட்டம் கட்டமாக எண்கள்.

"தம்பி, இதுல எது ஒட்டலை?"

"எண்ணுக்கும் எனக்கும் ஒண்ணாங்கிளாஸ்லேருந்தே ஒட்டலை அண்ணி."

"முதல் கட்டத்தை மட்டும் பாரு."

பார்த்தேன். முதல் இடம், கரையிலிருந்து தூரம்: ஒன்று. இரண்டாவது இடம்: ஒன்று. மூன்றாவதும் நான்காவதும் ஒன்று. ஐந்தாவது இடம் மட்டும் பூஜ்யம். ஆறும் ஏழும் மறுபடி ஒன்று.

"அங்க மட்டும் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பார்."

"ஏன்?"

அண்ணியின் சொத்தே இந்த 'ஏன்'தான். இதற்குப் பதில் சொல்ல முடியாமல் எங்கள் குடும்பத்தில் பல பேர் பல விஷயங்களை ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். "டேப் பிடிக்கறவரைக் கேட்டாத்தான் தெரியும்" என்றாள்.

அளவை அலுவலகத்துக்குப் பின்புறம் தகரக் கொட்டகை. உள்ளே முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் காலணிகள், கோடு போட்ட ஆழக் கம்புகள், கிண்ணங்கள் சுழலும் நீர்வேகமானி. நடுவில் ஒரு ஸ்டூலில் டேப்காரர். எங்களைக் கண்டதும் எழுந்தார். கையிலிருந்ததைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

எனக்குள் மணி அடித்தது. கணவனை ஓடையில் தள்ளியவனே அகப்பட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"என்ன அது?" அண்ணி கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு ரெண்டு கையால பிடிச்சிருக்கீங்க?" என்றேன்.

அவர் பின்னாலேயே நகர்ந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தார். ரப்பர் காலணி தடுக்கியது. விழுந்த வேகத்தில் கையிலிருந்தது உருண்டு என் காலடிக்கு வந்தது. வட்டமான டேப் பெட்டி.

"வேணும்னு அறுக்கலைங்க! பாறையில மாட்டிக்கிச்சு. இழுத்தேன், அறுந்துடுச்சு. அளக்கற அண்ணன் என்னைக் காட்டிக் குடுக்கவே இல்லை. இப்ப அவர் படுத்ததும் விசாரணைக்கு வந்துட்டீங்களா?"

ஒரு கொலைகாரனை எதிர்பார்த்தவனுக்கு ஒரு அறுந்த டேப் கிடைத்தால் முகம் எப்படிப் போகும்? என் முகம் அப்படித்தான் போனது. அண்ணியின் முகம் மட்டும் பளிச்சென்று ஆனது. டேப்பின் நுனியை இழுத்தார். வளையம் இல்லை. பிய்ந்த நுனிக்கு அடுத்து அதில் எழுதியிருந்த முதல் எண் ஒன்று.

"எப்ப அறுந்தது?"

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க. முதல் மீட்டர் பாறையோடயே போச்சு. அப்புறம் கம்பியில ஒண்ணாம் நம்பரை வச்சுப் பிடிச்சுக்குவேன். 'ஒண்ணு!'ன்னு கத்துவேன். அண்ணன் தண்ணியில இறங்கிப் படிச்சு எழுதுவார். ஆபீஸுக்கு வந்து எல்லாத்துலயும் ஒண்ணு கழிப்பார். முதல் நாள் கழிக்க மறந்துட்டோம். ஓடை பூரா ஒரே வருஷத்துல ஒரு மீட்டர் அகலமாயிடுச்சேன்னு அண்ணன் அரண்டு போயிட்டார். அதுலேருந்து, 'ஒண்ணு கழிச்சியா'ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்காம நாங்க வீட்டுக்குப் போறதில்லை."

"புது டேப் கேக்கலையா?"

"அஞ்சு தடவை எழுதிக் குடுத்தோம். என்ஜினியர் மேசையில இருக்கும். அவர் ஓடைப் பக்கம் வந்தே வருஷக் கணக்காகுது."

அண்ணி ஐந்தாவது பக்கத்தை அவரிடம் நீட்டினார். டேப்காரர் முதல் கட்டத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"இது எங்க டேப் இல்லைங்களே. அதாவது, டேப் அறுந்த பிறகு எழுதினது இல்லை. இது பழசு."

"தேதி இந்தத் திங்கட்கிழமை போட்டிருக்கே?" என்றேன்.

"அஞ்சாவது இடத்தை எந்த வருஷமும் அதே தேதியிலதாங்க அளப்போம். தாள்ல தேதியும் மாசமும்தான் இருக்கும். வருஷம் கோப்போட அட்டையில இருக்கும். வளையக் கோப்புங்க, எந்தத் தாளையும் கழட்டி மாட்டலாம்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கையெழுத்து அவருடையதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கரை உண்மையிலேயே நன்றாக இருந்தபோது அவரே எழுதிய பக்கம். அதைக் கழற்றி இந்த வருஷக் கோப்பில் மாட்டிவிட்டார்கள். உண்மையான பக்கம் இந்நேரம் சாம்பலாகியிருக்கும்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் டேப்காரரிடம் கோபமாகக் கேட்டாள்.

"நான் எதிர்க்கரையில நிக்கறவன் அண்ணி. அவர் என்ன எழுதறார்னு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தை எனக்கு யாரும் காட்டவே இல்லையே."

"பழைய கோப்பு எங்க இருக்கும்?" என் அண்ணி கேட்டார்.

"என்ஜினியர் ரூம் அலமாரியில. சாவி ரெண்டு பேர்கிட்ட. ஒண்ணு அவர்கிட்ட, இன்னொண்ணு..." அவர் தயங்கினார். "எங்க அண்ணன்கிட்ட."

வெளியே வந்ததும் அண்ணியை ஓரமாக இழுத்தேன். "மிரட்டலுக்குப் பயந்து அவரே தாளை மாத்தி வச்சிருந்தா? வீட்டுல ஒண்ணு சொல்லிட்டு ஆபீஸ்ல ஒண்ணு செய்யற புருஷன் எத்தனை பேர் இல்லை?"

"தன் கையெழுத்துல பொய் எழுதணும்னா, ஒரு பேனா போதும் தம்பி. மூணு வருஷத்துப் பழைய தாளை எதுக்குத் தேடணும்? அந்தக் கையெழுத்து வராதவங்கதான் தேடணும்."

அப்படியானால் என்ஜினியர். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாள் மாறிப்போச்சு, மழை விட்டதும் மறுபடி அளக்கலாம் என்று அவர் கையை விரித்தால் எங்கள் பாடு அவ்வளவுதான். மணி ஒன்றே கால். சாட்சி சொல்ல வேண்டிய ஆள் ஆஸ்பத்திரியில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

டேப்காரரையும் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனோம்.

பின்பக்கம் புல்தரை, ஊஞ்சல், அதற்கு அடுத்து ஓடை. பார்க்க அவ்வளவு சாதுவான இடம். விளிம்பில் ஒரு நாற்காலி அளவுக்கு மண் பெயர்ந்திருந்தது. அந்தப் பெண் அதன் அருகே போகாமல் நின்றாள். அவள் கணவர் நின்ற இடம் அதுதான். யாரும் அவரைத் தள்ளவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'கல்லாட்டம்' இருந்த கரைதான் அவரைக் கீழே போட்டிருக்கிறது.

"அடிப்பள்ளத்தை இப்பக் காட்ட முடியுமா?" என்று டேப்காரரைக் கேட்டேன்.

"தண்ணி ஏறிடுச்சுங்க. பள்ளம் முழுகிப் போச்சு. இனிமே இறங்கினா நானும் அண்ணன் பக்கத்துக் கட்டில்தான்."

உள்ளே குழந்தைகள் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் நாற்பது கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம். யானை, மீன், பட்டாம்பூச்சி. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பை. வாத்துப் படம் போட்ட கொக்கி மட்டும் காலி.

காப்பகத்து டீச்சர் நல்ல பெண்மணி. ஆனால் பயந்த பெண்மணி. "என்ஜினியர் சார் கடிதம் குடுத்திருக்காரும்மா, இடம் பாதுகாப்பானதுன்னு. பெத்தவங்க எல்லாம் வேலைக்குப் போயிருக்காங்க. உங்க பேச்சைக் கேட்டு இத்தனை பிள்ளைங்களையும் மழையில எப்படி வெளிய கூட்டிட்டுப் போறது? அவரே சொல்லட்டும், அடுத்த நிமிஷம் போறேன்."

அதற்குள் தூங்காத ஒரு நாலு வயசு என் கால்சட்டையைப் பிடித்துத் தொங்க ஆரம்பித்தது. அதைப் பிடுங்கி வைப்பதற்குள், அண்ணி வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டார். டீச்சரின் காதில் ஏதோ கேட்டார். டீச்சர் காலிக் கொக்கியைப் பார்த்தபடி பதில் சொன்னார். அண்ணி மறுபடி ஏதோ சொல்ல, டீச்சர் தலையாட்டிவிட்டுக் குழந்தைகளின் செருப்புகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

"என்ன அண்ணி ரகசியம்?"

"என்ஜினியர்கிட்ட நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடு."

"வீட்டுல அண்ணன் செய்யறதுதானே. பழகிக்கறேன்."

என்ஜினியரின் அறை படு சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் இருந்த தட்டில் மட்டும் படிக்காத காகிதங்கள் முழ உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் மேசைக்குப் பின்னால் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவரின் நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. வெளிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். அண்ணி கதவை மூட விடவில்லை.

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா" என்று என்ஜினியர் அந்தப் பெண்ணிடம் கனிவாகச் சொன்னார்.

அண்ணி பூஜ்யத்தைப் பற்றிச் சொன்னார். அவர் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். கண் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான்.

"தாள் மாறியிருக்கலாம். மனுஷங்கதானே. தண்ணி வடிஞ்சதும் நானே மறுபடி அளக்க ஏற்பாடு பண்றேன்."

"அதுவரைக்கும் காப்பகத்துக்கு ஆபத்து இல்லையா?"

"துளிகூட இல்லை. அங்க கட்டடம் வரலாம்னு அஞ்சு வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்டவனே நான்தான்."

அண்ணி எழுந்துவிட்டார். இவ்வளவுதானா? ஆனால் அவர் பார்வை மேசை மேலிருந்த புகைப்படத்துக்குப் போனது. ஒரு சிறுமி ஊஞ்சலில். தோளில் மஞ்சள் வாத்துப் பை.

"பேத்தியா சார்?"

"ஆமாம்." அவர் முகம் இளகியது. "வீடே அவ கையிலதான். காலையிலகூட என் கண்ணாடியை ஒளிச்சு வச்சுட்டா."

"அப்ப காய்ச்சல் விட்டுடுச்சா?"

"காய்ச்சலா?"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து காய்ச்சல்னு காப்பகத்துல எழுதியிருக்கு. டீச்சர் பாவம், கவலைப்பட்டாங்க. அதான் வர்ற வழியில உங்க வீட்டுக்குப் போனோம். பிள்ளை நல்லா ஓடி ஆடிட்டு இருந்தா. கையோட கூட்டிட்டுப் போய்க் காப்பகத்துல விட்டுட்டோம். இப்ப மத்தப் பிள்ளைங்களோட தூங்கிட்டு இருப்பா. இல்ல தம்பி?"

நாங்கள் அவர் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியோம். ஆனால் பரம்பரைத் திறமை கைகொடுத்தது.

"ஆமாம் அண்ணி. வாத்துக் கொக்கியில பையை அவளே எம்பி எம்பி மாட்டினா."

என்ஜினியர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை. ஜன்னலில் மழை சடசடவென்று அடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவர் கை போன் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"பாதுகாப்பான இடம்தானே சார்?" என்றார் அண்ணி மெதுவாக.

அவர் போனைப் பாய்ந்து எடுத்தார். இரண்டு முறை தப்பாக எண்ணை அழுத்தினார். மூன்றாவது முறை மறுமுனை கிடைத்ததும் கத்தினார். அந்தக் கத்தலில் வெளிக்கூடமே எழுந்து நின்றது.

"எல்லாப் பிள்ளைங்களையும் வெளிய கூட்டிட்டுப் போங்க! மேட்டுக்கு! இப்பவே! எதையும் எடுக்க வேண்டாம், கரை நிக்காது! நான்தான் சொல்றேன், கரை நிக்காது!"

போனை வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வாசலில் பத்துப் பன்னிரண்டு முகங்கள் அவரையே பார்த்தன.

"உங்க பேத்தி வீட்டுலதான் இருக்கா சார்" என்றார் அண்ணி. "நாங்க அந்தப் பக்கமே போகலை."

அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். யாரும் கேட்காமலே பேசினார். திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படித்தாராம். மாற்றி எழுதச் சொன்னாராம். அளவையாளர் முடியாது என்றாராம். மறுநாள் விடியற்காலையில் இன்னும் சரியாக அளந்து காட்டத் தனியாகப் போனவர் விழுந்துவிட்டாராம். "இந்த ஒரு மழை தாண்டினாப் போதும், லீவுல எப்படியாவது இடத்தை மாத்திடலாம்னு நினைச்சேன்" என்றார். அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இரக்கம் வரவில்லை.

அந்தப் பெண் மேசைக்கு அருகே வந்தாள். புகைப்படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் எழுதினதை நீங்க நம்பியிருக்கீங்க. ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும்."

படத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அண்ணி மூலைத் தட்டிலிருந்த காகிதங்களைக் கிளறினார். தேடியது கிடைத்தது. புது டேப் கேட்டு ஐந்து மனுக்கள், ஒன்றின் மடிப்புகூடப் பிரிக்கப்படவில்லை.

"இதுல ஒண்ணையாவது படிச்சிருந்தீங்கன்னா, ஒண்ணுல ஆரம்பிக்கற தாளாப் பார்த்து மாத்தியிருப்பீங்க. எங்களால கண்டுபிடிச்சிருக்கவே முடியாது" என்றார்.

மூன்று நாற்பதுக்கு மலைத்தண்ணீர் வந்தது. முதலில் ஊஞ்சல் போனது. பிறகு புல்தரை, பிறகு தூங்கும் அறையில் பாதி. நாற்பது கொக்கியில் பதினெட்டு கொக்கி பைகளோடு போய்விட்டன. முப்பத்தொன்பது குழந்தைகளும் மேட்டுத் தெருவில் ஒரு மரக்கடைக்குள் உட்கார்ந்து, என் கால்சட்டையைப் பிடித்துத் தொங்கிய அந்த ஒரு பயலைத் தவிர, சமர்த்தாக இருந்தார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். கட்டில் ஓரத்தில் அந்தப் பெண் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கண் மூடியே இருந்தது. டேப்காரர் தலைமாட்டில் நின்றார், உடம்பெல்லாம் சேறு, இடுப்பில் அந்த அறுந்த டேப். அழுகையை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி வேலையைப் பற்றிப் பேசுவதுதான் போலிருக்கிறது.

"அண்ணே, தண்ணி கொஞ்சம் இறங்கினதும் போய் அளந்துட்டேன். வாசல் கேட்டுலேருந்து கரை விளிம்பு வரைக்கும். ஒன்பது மீட்டர்தாண்ணே மிச்சம்."

கட்டிலில் உதடு அசைந்தது. அந்தப் பெண் சட்டென்று குனிந்தாள். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். கண் திறக்கவில்லை. ஆனால் குரல் தெளிவாகவே வந்தது.

"ஒண்ணு கழிச்சியா?"

டேப்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எட்டு, அண்ணே. எட்டு" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழ ஆரம்பித்தார்.